தத்துக்கிளிக்குப் பெரிய இன்ஜின்

மார்ச் 2, ஞாயிறு

காலை ஏழு மணிக்கே வெயில் ஏறிவிட்டது. துளிக் காற்று இல்லை. எழுந்த புழுதி எழுந்த இடத்திலேயே நிற்கிறது.

தத்துக்கிளிக்கு, அதாவது எங்கள் பச்சைக் காருக்கு, புது இன்ஜினோடு இன்று முதல் ஓட்டம். நவம்பரில் கழற்ற ஆரம்பித்தது. நான்கு மாதம். பட்டறை வேலை போக மீந்த நேரமெல்லாம் இதற்கே போனது.

இடம்: எம்.ரெட்டியபட்டி, மாமனாரின் சரளைத் தரிசு. இரண்டு ஏக்கர். பருத்தி வராது, கம்பு வராது, வண்டி ஓட்ட மட்டும் லாயக்கு. மாமா முந்தாநாளே டிராக்டரில் சமப்படுத்தி, சுண்ணாம்பு அடித்த பெயிண்ட் டப்பா இருபத்திரண்டை வளைவு வளைவாக அடுக்கிவைத்திருந்தார். வழியே போன ஒருவர் நின்று என்ன நடக்கிறது என்று கேட்டார். மாமாவின் விளக்கம்:

"ஆட்டோகிராஸ்னு ஒரு போட்டிங்க. மண்ணுல கூம்பு கூம்பா வச்சிருப்பாக. ஒத்த ஒத்த வண்டியா விடுவாக. வளைஞ்சு வளைஞ்சு போயி, எதையும் இடிக்காம வெரசா திரும்பி வரணும். யாரையும் முந்த வேண்டியதில்ல. கடியாரத்த முந்துனாப் போதும்."

இதைவிடத் தெளிவாக நான் சொன்னதில்லை.

"ஓட்டுறது யாரு, மாப்பிள்ளையா?"

"மாப்ள ரிப்பேரு பாக்குறவரு. ஓட்டுறது எம் மக."

மகேசு ஹெல்மெட் மாட்டிக்கொண்டு உட்கார்ந்தாள். சாவியைத் திருப்பியதும் மாமா இரண்டு காதையும் பொத்திக்கொண்டு சிரித்தார். வேப்பமரத்துக் காக்கை எல்லாம் பறந்தது. ஆயிரத்து இருநூறு சிசி இருந்த இடத்தில் ஆயிரத்து அறுநூறு. எனக்குச் சிலிர்த்துவிட்டது, எழுதுவதற்கென்ன.

ஐந்து ஓட்டம். 54.0, 53.6, 53.4, 53.8, 53.5.

பழைய இன்ஜினில் இதே தடத்தில் அவளுடைய நேரம்: 52.3.

நேர்த்தடத்தில் அம்பு மாதிரிப் போகிறது. ஆனால் மொத்த நேரம் ஒரு விநாடி கூடியிருக்கிறது. டயராக இருக்கும். டயர்தான்.

இறங்கி ஹெல்மெட்டைக் கழற்றினாள். நெற்றி முடியெல்லாம் வேர்வையில் ஒட்டியிருந்தது. கல்யாணமாகிப் பத்தொன்பது வருஷம். அவள் ஹெல்மெட்டைக் கழற்றும் அந்த ஒரு நொடிக்காக எத்தனை போல்ட் வேண்டுமானாலும் முறுக்கலாம்.

"எப்படி இருக்கு?"

"நல்லாருக்குங்க," என்றாள். தண்ணீர் குடிக்கப் போய்விட்டாள்.

மார்ச் 4, செவ்வாய்

பட்டறை. ஒரு ஆம்னி கிளட்ச், ஒரு சுமோ சைலன்ஸர், பழைய அம்பாசிடர் ஒன்று. அதன் உரிமையாளருக்கு அது ஏன் ஓடவில்லை என்பதைவிட அது எப்படியெல்லாம் ஓடியது என்று சொல்வதில்தான் ஆர்வம். மதியம் வரை கேட்டேன்.

தத்துக்கிளிக்குப் பஞ்சர் மூன்று. மூன்றும் கருவேல முள். தரிசைக் காந்தம் போட்டுப் பெருக்கினாலும் முள் வராது. கையால்தான் பொறுக்க வேண்டும்.

சாயங்காலம் ராஜாமணி வந்தான். பந்தல்குடியில் லாரிப் பட்டறை வைத்திருப்பவன், என்னோடு ஐ.டி.ஐ. படித்தவன். பெரிய இன்ஜினை ஏற்றச் சொல்லி முதலில் தூண்டியதே அவன்தான். நேரத்தைச் சொன்னேன்.

"ஏலே, பவரு கூடிப்போச்சுன்னு இந்த ஒலகத்துல எவனாச்சும் அழுதுருக்கானா? ஓட்டுற ஆளுக்குப் பழகணும்லே. குடு, பழகட்டும்."

நியாயமாகத்தான் பட்டது. போன வருஷம் மதுரைப் போட்டியில் பெண்கள் பிரிவில் 0.4 விநாடியில் முதல் பரிசு கைவிட்டுப் போனது. கோயம்புத்தூர்ப் பெண் ஒருத்தி கொண்டுபோனாள். திரும்பி வரும்போதே முடிவு செய்துவிட்டேன், வண்டிக்குப் பவர் போதவில்லை என்று. விபத்தில் நொறுங்கிய ஒரு பெரிய காரின் இன்ஜின் மதுரையில் கிடைத்தது. மகேசுவிடம் கேட்கவில்லை. பழைய இன்ஜின் தரையில் கிடந்தபோதுதான் அவள் பார்த்தாள். கொஞ்ச நேரம் நின்று பார்த்துவிட்டு, "டீ ஆறிப் போவுது, வாங்க," என்று மட்டும் சொன்னாள்.

இப்போது யோசித்தால், அது சந்தோஷப்பட்ட ஆள் சொல்கிற வார்த்தை இல்லை.

மார்ச் 6, வியாழன்

மேகமூட்டம், மழை இல்லை. இந்தப் பக்கம் மேகம் வருவது திருச்சுழிக்கு வழி கேட்கத்தான்.

சாயங்காலம் மறுபடி தரிசு. 53.6, 53.3, 53.9. மூன்று டப்பா காலி.

வீட்டில் தைல வாடை. மகேசு வலது மணிக்கட்டில் தேய்த்துக்கொண்டிருந்தாள். நான் வந்ததும் சேலை முந்தானையால் மூடிக்கொண்டாள். "துணி துவைச்சதுல பிடிச்சுக்கிச்சு." வீட்டில் வாஷிங் மெஷின் வாங்கி ஆறு வருஷம்.

மகள் விடுதியிலிருந்து போன் செய்தாள். "அம்மா புது இஞ்சின்ல எப்படி ஓட்டுறாங்க?" சூப்பர் என்று மகேசுவே பதில் சொன்னாள். குரலில் சூப்பர் இல்லை.

மார்ச் 7, வெள்ளி

எழுத வேண்டாம் என்று நினைத்தேன். எழுதினால்தான் ஆறும்.

மாமாவின் டிராக்டருக்கு டீசல் ஃபில்டர் கொடுக்க ரெட்டியபட்டி போனேன். மகேசு காலையிலேயே பஸ்ஸில் அங்கே வந்திருந்தாள். பைக்கை வெளியே நிறுத்திவிட்டு, கொட்டகைப் பக்கமாக நடந்தேன். உள்ளே பேச்சு.

மாமா: "அப்ப அவுககிட்ட சொல்ல வேண்டியதுதான?"

மகேசு: "எப்படிப்பா சொல்லுவேன்? நாலு மாசமா ஆசையாச் செஞ்சது. கையெல்லாம் கிரீசோட வந்து, சோத்தக் கூட ஸ்பூன்ல அள்ளித் தின்னுட்டு மறுபடி ஓடுவாரு. அவருகிட்டப் போயி, வண்டி என் பேச்சக் கேக்க மாட்டேங்குதுன்னு சொல்லவா?"

"பேச்சக் கேக்கலன்னா?"

"திருப்புனா திரும்ப மாட்டேங்குது. மூக்குல கல்லக் கட்டுன மாதிரி. நான் வளைக்கிறேன், அது நேராப் போகுது. கை விட்டுப் போச்சு."

ஃபில்டரைக் கொட்டகை வாசலில் வைத்துவிட்டுத் திரும்பி வந்துவிட்டேன். பைக்கை ஸ்டார்ட் செய்யாமல் ரோடு வரை தள்ளிக்கொண்டே.

கோபமில்லை. கோபம் வந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். பட்டறைக்கு வந்து வெறும் நட்டுகளைச் சைஸ் வாரியாகப் பிரித்தேன், சாயங்காலம் வரை. பன்னிரண்டு, பதினாலு, பதினேழு.

ராத்திரிச் சாப்பாடு. கத்திரிக்காய் நன்றாக இருந்தது. அதையும் சொல்லவில்லை.

மார்ச் 8, சனி

பட்டறையைப் பகல் பன்னிரண்டுக்கே மூடிவிட்டேன். மாமாவிடம் சாவி வாங்கிக்கொண்டு தத்துக்கிளியை நானே எடுத்தேன். நான் இதுவரை அந்தத் தடத்தில் வேகமாக ஓட்டியதில்லை. மெக்கானிக் ஓட்டிப் பார்ப்பது வேறு, ஓட்டுவது வேறு.

மூன்றாவது டப்பாவிலேயே தெரிந்துவிட்டது. ஸ்டீயரிங்கை ஒடிக்கிறேன், முன் டயர் இரண்டும் பக்கவாட்டில் மண்ணைத் தள்ளிக்கொண்டு நேராகவே போகிறது. பின்பக்கம் வெறும் டப்பா மாதிரித் துள்ளுகிறது. நேரம் 61.2. டப்பா விழுந்தது ஐந்து. மணிக்கட்டு எனக்கும் வலிக்கிறது.

அங்கிருந்து நேராகப் பந்தல்குடி. தூத்துக்குடி ரோட்டில் லாரி எடை மேடை. முன் சக்கரத்தை மட்டும் ஏற்றி ஒரு எடை, பின் சக்கரத்தை மட்டும் ஏற்றி ஒரு எடை. எனக்கு முன்னால் பஞ்சு லோடு லாரி, பின்னால் கரி லோடு லாரி. எடை போடுபவர் ஜன்னலில் எட்டிப் பார்த்தார்.

"அண்ணே, என்ன லோடு?"

"லோடு இல்ல, வண்டியே இம்புட்டுத்தான்."

"இதுக்கு ரேசன் கடைத் தராசே போதுமேண்ணே."

பழைய நோட்டில் இரண்டு வருஷத்துக்கு முந்தைய எடை: முன் 460, பின் 300.
இன்று: முன் 550, பின் 290.

மூக்கில் தொண்ணூறு கிலோ. கல்லைக் கட்டியதேதான். தராசு இல்லாமலே அவள் மணிக்கட்டு சொல்லிவிட்டது. நான்தான் டயர், டயர் என்று எழுதிக்கொண்டிருந்தேன்.

திரும்பும் வழியில் ராஜாமணி பட்டறையில் நிறுத்தினேன். பழைய இன்ஜின் அவனிடம்தான் தார்ப்பாய் போட்டு மூடி இருக்கிறது. மூன்று நாளில் மாற்றிவிடலாம். சொல்லிவைத்துவிட்டு வந்தேன்.  

மார்ச் 9, ஞாயிறு

நல்ல காற்று. புழுதி நிற்காமல் மேற்கே போனது.

தரிசில் பேசினோம். டிராக்டர் டிரெய்லரின் கொக்கி மேல் அவள், கவிழ்த்த டப்பா மேல் நான். நடுவில் காராச்சேவு பொட்டலம். நானே ஆரம்பித்தேன்.

"வெள்ளிக்கிழமை கொட்டகைக்கு வெளிய நின்னேன்."

அவள் சேவு எடுத்த கை அப்படியே நின்றது. "ஃபில்டரப் பாத்ததும் நெனச்சேன்."

"இஞ்சினை எறக்கிடுறேன். ராஜாமணிகிட்டச் சொல்லியாச்சு. புதன்கிழமைக்குள்ள பழசு ஏறிடும்."

"வேண்டாம்."

"கை வீங்கிப் போயிருக்கு."

"வேண்டாங்குறேன்ல. நான் பழகிக்கிறேன்."

"நீ ஏன் பழகணும்? தப்பு என்னுது."

இப்படியே பத்து நிமிஷம். அவள் எனக்காக இன்ஜினை விட மாட்டேன் என்கிறாள், நான் அவளுக்காக எடுத்தே தீருவேன் என்கிறேன். மாமா தூரத்தில் ஸ்டாப்வாட்சைத் துடைப்பது போல் நின்று எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தார்.

கடைசியில் நான் கேட்டேன், "போன வருசம் அந்தப் புள்ளி நாலு விநாடி போனதுக்குத்தான் இதச் செஞ்சேன். பவரு இருந்திருந்தா ஜெயிச்சிருப்ப. இல்லையா?"

அவள் கொஞ்சம் யோசித்தாள். சொல்லலாமா வேண்டாமா என்று யோசிக்கும்போது அவள் கீழ் உதட்டைக் கடிப்பாள்.

"பவரு இல்லாம இல்லங்க. கடைசி வளைவுல நான் கால எடுத்துட்டேன்."

"ஏன்?"

"நீங்க அங்க தடுப்புக் கயித்தப் பிடிச்சுக்கிட்டு நின்னீக. உங்க மூஞ்சியப் பாத்தேன். யாரோ செத்துப்போன மாதிரி இருந்துச்சு. பயந்து போயிக் கால எடுத்துட்டேன்."

 நான்கு மாதம். தொண்ணூறு கிலோ. என் மூஞ்சிக்காக.

முதலில் அவள்தான் சிரித்தாள். பிறகு நான். பிறகு தூரத்தில் மாமா. சேவெல்லாம் மண்ணில் கொட்டிவிட்டது.

ஏன் அப்படிப் பயப்படுகிறேன் என்று கேட்டாள். சொன்னேன். அந்த வண்டியில் ஒவ்வொரு போல்ட்டையும் முறுக்கியவன் நான். எது கழன்றால் என்ன ஆகும் என்று வேடிக்கை பார்க்கிறவர்களுக்குத் தெரியாது. எனக்குத் தெரியும். அவள் வளைவில் திரும்பும்போதெல்லாம் எனக்குள் ஒரு போல்ட் கழல்கிறது.

அவள் என் முழங்கையை ஒரு தட்டுத் தட்டினாள். "மதுரைப் போட்டிக்கு இன்னும் ரெண்டு வாரம் இருக்கு. இஞ்சின எறக்க வேண்டாம். மூக்க மட்டும் எளைக்க வைங்க."

மார்ச் 11, செவ்வாய்

போட்டிக்குப் பேர் கொடுக்க இன்று கடைசித் தேதி. படிவம் நிரப்பினாள். பெண்கள் பிரிவு என்று நான் எழுதப் போக, பேனாவைப் பிடுங்கிக்கொண்டாள். ஆயிரத்து அறுநூறு சிசி பொதுப் பிரிவு என்று எழுதினாள்.

"அங்க எல்லாம் பத்து வருசமா ஓட்டுற ஆம்பளைங்க."

"பெரிய இஞ்சினு வச்சாச்சு. பெரிய வண்டிங்ககூட ஓடுனாத்தான நீங்க செஞ்சது நல்ல வேலையா இல்லையான்னு தெரியும்?"

அவளுக்கு ஜெயிக்க ஆசையா, என் வேலைக்குப் பேர் வாங்கித் தர ஆசையா? கேட்கவில்லை. படிவத்தை அனுப்பியாயிற்று.

இளைக்க வைக்க வேண்டியவை:
அடியில் மாட்டிய இரும்புத் தகடு. அலுமினியமாக மாற்ற.
முன் பம்பர்க் கம்பி. போகட்டும்.
ஏ.சி. கம்ப்ரஸர் மாட்டும் இரும்புக் கை. ஏ.சி.யே இல்லாத வண்டியில் அது எதற்கு இருந்தது?
பேட்டரி, பின்னால் சீட்டுக்குப் பின்புறம்.
முன் ஸ்பிரிங் கொஞ்சம் இளக்கமாக, பின் ஸ்பிரிங் கொஞ்சம் விறைப்பாக.
அம்பாசிடர்க்காரர் போன் செய்தால் நான் ஊரில் இல்லை.

மார்ச் 14, வெள்ளி

பகல் அனல். பட்டறைத் தகரத்தில் கை வைக்க முடியவில்லை.

வேலை முடிந்தது. மறுபடி எடை மேடை. எடை போடுபவருக்கு இப்போது எங்கள் வண்டி என்றால் தனிப் பிரியம். லாரியை நிறுத்திவைத்துவிட்டு முதலில் எங்களை ஏற்றினார். "தங்கச்சி மதுரையில ஓட்டப் போகுதாமே? எளைச்சிருக்கான்னு பாப்போம்."

முன் 505, பின் 310.

மகேசு சீட்டை வாங்கி மடித்துக் கைப்பையில் வைத்துக்கொண்டாள், டாக்டர் சீட்டு மாதிரி.

மார்ச் 16, ஞாயிறு

52.8. 52.1. 51.9.

இப்போது திரும்புகிறது. முழுசாக இல்லை, ஆனால் பேச்சைக் கேட்கிறது. நான் துள்ளிக்கொண்டிருக்க, அவள் இறங்காமல் யோசனையில் உட்கார்ந்திருந்தாள். பிறகு, "இன்னொரு தடவ," என்றாள்.

புறப்பட்ட சத்தமே வேறு. முதல் கியரில் மண்ணைக் கிழிக்கும் இரைச்சல் இல்லை. மெதுவாக எழும்பி, அப்படியே ஒரே சீராக. முதல் வளைவு, எட்டுப் போடும் இடம், கொண்டை ஊசி. எங்கேயும் கியர் மாற்றும் சத்தம் இல்லை.

50.7.

மாமா ஸ்டாப்வாட்சைக் காதில் வைத்துப் பார்த்தார், ஓடுகிறதா என்று.

அவள் இறங்கி வந்து சொன்னது: "பழைய இஞ்சின்ல ரெண்டாவது கியர்ல வளைஞ்சா மூச்சு நின்னுபோகும். அதுனால முதல் கியருக்கு வருவேன், மறுபடி ரெண்டாவதுக்குப் போவேன், ஒரு கை எப்பவும் கியர்ல. இதுல மூச்சு முட்டல. பொறப்படுறதும் ரெண்டாவது, போயிச் சேர்றதும் ரெண்டாவது. ரெண்டு கையும் ஸ்டீயரிங்குல இருக்கு. அதான்."

பெரிய இன்ஜின் வேகத்துக்கு என்று நான் ஏற்றினேன். அவள் அதை நிதானத்துக்குப் பயன்படுத்துகிறாள். இந்த யோசனை ஐ.டி.ஐ. படித்த எனக்கும் வரவில்லை, ராஜாமணிக்கும் வரவில்லை. பன்னிரண்டு வயதிலிருந்து டிராக்டரில் உழுதவளுக்கு வந்தது. ஈர மண்ணில் எந்தக் கியரில் இழுக்கும் என்று அவள் காலுக்குத் தெரியும்.

ராஜாமணிக்குப் போன் செய்து சொன்னேன். "நான்தான் அப்பவே சொன்னேன்ல, பழகணும்னு," என்றான்.

மார்ச் 19, புதன்

எண்ணெய் மாற்றியாயிற்று. டிரைவ் ஷாஃப்ட் ரப்பர் புதுசு. இன்ஜின் தாங்கும் போல்ட் நான்கும் மறுபடி முறுக்கினேன். நேற்றும் முறுக்கினேன். நாளையும் முறுக்குவேன்.

மகேசு ஒரு நிபந்தனை போட்டாள். போட்டியன்று நான் கயிற்றுப் பக்கமே வரக் கூடாது. மைதானத்துக்கு முதுகைக் காட்டி எங்காவது நிற்க வேண்டும். சத்தியம் கேட்டாள். "எது மேல?" "ரிங் ஸ்பேனர் மேல பண்ணுங்க. அதான் உங்களுக்குப் பெருசு." செய்தேன்.

மார்ச் 23, ஞாயிறு

சாயங்காலம். மதுரையிலிருந்து திரும்பும் லாரியிலேயே எழுதுகிறேன். எழுத்து ஆடும்.

காலை நான்கரைக்கு ராஜாமணி லாரியில் தத்துக்கிளியைக் கட்டி ஏற்றிக்கொண்டு கிளம்பினோம். மாமா பின்னால் வண்டியிலேயே உட்கார்ந்து வந்தார், கட்டு அவிழ்ந்தால் பிடித்துக்கொள்வாராம்.

மைதானம் பெரியது. செம்மண். ஆரஞ்சுக் கூம்புகள். தடம் நம் தரிசைவிட நீளம். ஒரு கூம்பைத் தட்டினால் மூன்று விநாடி கூடும். ஒவ்வொருவருக்கும் மூன்று ஓட்டம், அதில் நல்லது கணக்கு. பொதுப் பிரிவில் பன்னிரண்டு வண்டி. பதினொன்றில் ஆண்கள். பதிவு மேசையில் இருந்த பையன், "மேடம், லேடீஸ் கிளாஸ் அந்த வரிசை," என்றான். "தெரியும் தம்பி. நான் இந்த வரிசை," என்றாள்.

முதல் ஓட்டம். நான் லாரிக்குப் பின்னால். சத்தியத்தை மீறினேன் என்றே எழுதுகிறேன்: டயர் இடுக்கு வழியாகப் பார்த்தேன். எட்டுப் போடும் இடத்தில் ஒரு கூம்பு பறந்தது. 1:12.8, கூட மூன்று.

திரும்பி வந்ததும் நேராக என்னிடம். "பாத்தீகளா?"

"இல்ல."

"முட்டியில மண்ணு ஒட்டியிருக்கு."

இரண்டாம் ஓட்டம். தண்ணீர் லாரிக்குப் பின்னால் போய், சுவரைப் பார்த்து நின்றேன். வெறும் சத்தம் மட்டும். ஆனால் அந்த இன்ஜின் சத்தத்தில் எனக்குத் தெரியாதது எதுவுமில்லை. ரெண்டாவது கியரில் சீராக வந்தது, கடைசி வளைவில் ஒரு கணம் தொய்ந்தது. காலை எடுத்துவிட்டாள். 1:11.2. ஆறாவது இடம்.

"புழுதிங்க. முன்னாடி போனவன் கெளப்புனது. கண்ணு தெரியல," என்றாள். முகம் சிவந்திருந்தது. தண்ணீர் கொடுத்தேன். குடிக்காமல் மணிக்கட்டில் ஊற்றிக்கொண்டாள். வீக்கம் மறுபடி தெரிந்தது.

"போதும்னா போதும் மகேசு. ஆறாவது வந்ததே பெரிசு."

என்னை ஒரு பார்வை பார்த்தாள். "போயி நில்லுங்க, சுவத்தப் பாத்து."

மூன்றாம் ஓட்டம். சுவர். காவலுக்கு நின்ற ஒரு பெரியவர் பக்கத்தில் வந்தார்.

"என்ன சார், வண்டி அங்கிட்டு ஓடுது, நீங்க இங்கிட்டுப் பாத்து நிக்கிறீங்க?"

"எங்க வீட்டம்மா ஓட்டுறாங்க."

"அப்பப் பாருங்க சார்!"

"பாக்கக் கூடாதுன்னு உத்தரவு."

அவர் கொஞ்சம் யோசித்தார். பிறகு என் பக்கத்தில் நின்று, கழுத்தை மட்டும் திருப்பி எனக்காகப் பார்த்தார். "கெளம்பிருச்சு சார்... பச்சை வண்டிதான?... அம்மாடி..." அதற்கு மேல் அவர் சொல்லத் தேவையும் இல்லை. சத்தம் வந்துகொண்டிருந்தது. கொண்டை ஊசி: பின்பக்கம் வழுக்கிச் சுழன்று திரும்பும் சரசரப்பு. எட்டு: இடம், வலம், இடம், வலம். நேர்த்தடம்: இன்ஜின் வாய்விட்டுப் பாடியது. கடைசி வளைவு.

தொய்யவில்லை.

ஒரு துளி கூடத் தொய்யவில்லை. அப்படியே போய்க் கோட்டைத் தாண்டியது. நான் சுவரில் நெற்றியை வைத்துக்கொண்டேன். சுவர் சுட்டது.

1:09.6. கூம்பு எதுவும் விழவில்லை. மூன்றாவது இடம். முதலில் வந்தவருக்கு 1:08.9, அடுத்தவருக்கு 1:09.2.

ஓடிப் போனேன். மாமா எனக்கு முன்னால் ஓடிக்கொண்டிருந்தார், வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, அறுபத்தெட்டு வயசில். மகேசு வண்டியிலிருந்து இறங்கவே இல்லை. ஹெல்மெட்டைக் கழற்றினேன், நான். கன்னமெல்லாம் புழுதி, அதில் கண்ணீர் இறங்கிய இரண்டு கோடு.

"தொண்டையெல்லாம் புழுதிங்க. ஒரு டீ வாங்கித் தாங்க."

முதல் பரிசு வாங்கியவர் வந்து முன்பக்கத்தைத் திறந்து காட்டச் சொன்னார். குனிந்து நெடுநேரம் பார்த்தார். யார் வேலை என்று கேட்டார். நான் வாயைத் திறப்பதற்குள் மகேசு சொன்னாள், "இவுகதான். வீட்டுக்காரரு." எத்தனை பேர் எத்தனை வண்டிக்கு என்னைப் பாராட்டியிருக்கிறார்கள். இந்த மாதிரி யாரும் சொன்னதில்லை.

இப்போது அவள் என் தோளில் சாய்ந்து தூங்குகிறாள். மடியில் கோப்பை. ராஜாமணி மெதுவாக ஓட்டுகிறான், அவனாகவே. காரியாபட்டி தாண்டிவிட்டோம். தோள் மரத்துவிட்டது. அசைய மாட்டேன்.

மார்ச் 24, திங்கள்

உடம்பு வலி, ஓட்டாத எனக்கே. மகேசுவுக்கு மணிக்கட்டு எக்ஸ்ரே எடுத்தோம். எலும்பில் ஒன்றுமில்லை. இரண்டு வாரம் ஓட்டக் கூடாது என்றார் டாக்டர். எதனால் இப்படி ஆனது என்று கேட்டார். "ஸ்டீயரிங்கு," என்றாள். "கார் ஓட்டினதுக்கா இவ்வளவு?" என்றார். இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொள்ளாமல் வெளியே வந்தோம். பார்த்திருந்தால் சிரித்திருப்போம்.

தத்துக்கிளி ரெட்டியபட்டியில் மாமா கொட்டகையில். சாவி ஆணியில்.

அம்பாசிடர்க்காரர் வந்தார். மூன்றாவது பரிசு பற்றி நான் சொல்ல ஆரம்பித்து மதியம் வரை சொன்னேன். பாவம், பொறுமையாகக் கேட்டார்.

மார்ச் 25, செவ்வாய்

காலை ஏழே கால். லேசான காற்று. மகேசு கட்டுப் போட்ட கையோடு தோசை ஊற்றுவேன் என்று அடம். கரண்டியைப் பிடுங்கி நான் ஊற்றினேன். இரண்டு கிழிந்தது, ஒன்று வட்டமாக வந்தது, அதை அவளுக்கு.

மாமாவிடமிருந்து போன். குரல் வழக்கத்தைவிட மெதுவாக இருந்தது.

"மாப்ள, சாப்டீகளா?"

"இப்பத்தான் மாமா. என்ன இந்த நேரத்துல?"

"ஒண்ணுமில்ல. காலையில சும்மா ஒரு ரவுண்டு போட்டுப் பாத்தேன். ரெண்டாவது கியர்லதான் எடுத்தேன், மக சொன்ன மாதிரியே. நாலு டப்பா வரைக்கும் நல்லாத்தான் திரும்புச்சு."

"அப்புறம்?"

"அப்புறம் வண்டி கருவேல வேலிக்குள்ள நிக்குது. எனக்கு ஒண்ணுமில்ல, நல்லா இருக்கேன், இதோ வண்டிக்குள்ளதான் ஒக்காந்துருக்கேன். கதவத் தெறந்தா முள்ளு. மகேசுகிட்டச் சொல்லிப்புடாதீக. வரும்போது ஒரு அருவா மட்டும் எடுத்துட்டு வாங்க."

அடுப்படியிலிருந்து மகேசு, "யாருங்க போன்ல?" என்கிறாள்.

அரிவாள் எங்கே இருக்கிறது என்று அவளிடம்தான் கேட்க வேண்டும்.